இன்னொரு இழுப்பு

எங்கள் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. தேடிப் பார்த்தால் மூன்று தேறும். குடிக்க மாட்டார். யாரிடமும் கடன் கேட்க மாட்டார். கை நல்ல வலுவான கை. இந்த மூன்றாவதை நல்லதில் சேர்த்தது கூடத் தப்புதான்.

தேனியை ஒட்டி, பழனிசெட்டிபட்டியில் அவர்கள் வீடு. அவர் ஒரு நூற்பாலையில் மெஷின்களைப் பராமரிக்கும் பிரிவில் சூப்பர்வைசர். ஆள் குள்ளம். கழுத்தும் தோளும் ஒன்றாகவே இருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொண்டு, எப்போதும் எதையோ கழற்றப் போகிறவர் போல் நிற்பார். ஆனால் கழற்றுவது அவருக்குப் பிடிக்காது. இறுக்குவதுதான் பிடிக்கும்.

அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியை அவர் மூடியிருந்தால் அவரேதான் திறக்க வேண்டும். நாங்கள் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு, அவர் குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்போம். வந்து, ஈரக்கையாலேயே ஒரு திருகு திருகித் திறந்து வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். துணி காயப்போடும் கம்பியை அவர் இழுத்துக் கட்டியதில் மாடிக் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டது. மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவது தன் வேலை என்று வைத்திருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பிள்ளை ஷூவைக் கழற்றினால் பாதம் சிவந்து வரிவரியாக இருக்கும். அக்கா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இறுக்கமா இருந்தாத்தான் ஆத்தா எதுவும் நிக்கும்” என்பார் என்னிடம். “இறுகிருச்சுன்னு தோணும் பாரு, அப்ப இன்னொரு இழுப்பு இழுக்கணும். அதுதான் வேல தெரிஞ்சவனுக்கு அடையாளம்.”

சண்டையிலும் அப்படித்தான். அக்கா பதில் சொல்வதை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போன பிறகு, அவள் முதுகைப் பார்த்து இன்னொரு வார்த்தை சொல்வார். அந்தக் கடைசி வார்த்தை இல்லாமல் அவருக்குச் சண்டை முடிந்ததாகவே அர்த்தமில்லை.

அப்போது நான் அவர்கள் வீட்டில் தங்கி, தேனியில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தேன். அக்கா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளைக் கெங்குவார்பட்டிப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். பெரியகுளம் போய் அங்கே பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் தன் சம்பளத்தில் கடன் போட்டுப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். ஆர்.சி. புத்தகம் அவள் பெயரில்தான் இருந்தது. சாவி மட்டும் அவர் பேண்ட் பையில் இருந்தது.

வண்டி வந்த வாரமே மச்சான் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

“சர்வீஸ் எல்லாம் இனி வீட்லதான். மெக்கானிக் பயலுகள நம்ப முடியாது. டார்க் ரெஞ்ச் ஒண்ணு எடு.”

அவர் வாயிலிருந்து டார்க் ரெஞ்ச் என்ற பேர் வந்ததும் எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. இவருக்கென்றே செய்த சாமான் அது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணைக் கைப்பிடியில் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். நட்டு அந்த அளவுக்கு இறுகியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், கையில் லேசாக ஓர் உதறல் தெரியும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்தச் சொல்வதற்காகவே ஒரு கருவி.

மூன்று பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தேன். சின்னது, என்ஜினில் உள்ள பொடி போல்ட்டுகளுக்கு. நடுவில் உள்ளது நாற்பதில் தொடங்கி இருநூறு வரை போகும். மூன்றாவது லாரிக்காரர்கள் வாங்குவது, என் இடுப்பு உயரம் இருக்கும். குறைந்த அளவே நூற்றி நாற்பது.

“மச்சான், உங்க காருக்குச் சக்கர நட்டு தொண்ணூறு இறுகுனா போதும். வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. நமக்கு வேண்டிய நம்பரு ரெஞ்சோட அளவுல நடு மத்தியில விழுகணும். ஓரத்துல விழுந்தா சரியாக் காட்டாது. அதனால நடுவுல இருக்கறத எடுங்க. வீட்டு வேலைக்கு இது ஒண்ணே போதும்.”

அவர் நடுப் பெட்டியைத் திறந்து ரெஞ்சைக் கையில் எடுத்து, எடை பார்ப்பது போல் ஆட்டிவிட்டு வைத்துவிட்டார்.

“இது என்ன, காது கொடையறதா? அதக் குடு.”

“அது லாரிக்கு மச்சான். அதுல தொண்ணூறே கெடையாதே.”

“நூத்தி நாப்பதுக்குக் கீழ நம்பரே போடலன்னா என்ன அர்த்தம்? அதுக்குக் கீழ இறுக்குறதெல்லாம் இறுக்கலே இல்லன்னு அர்த்தம்.”

கழற்றுவதற்கு அதை வைத்து நெம்பக் கூடாது, வேலை முடிந்ததும் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே உள்ள ஸ்பிரிங் கெட்டுவிடும் என்றெல்லாம் சொன்னேன். கொழுந்தியா கடையில் நின்றே மெக்கானிக் ஆகிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே அந்தத் தடியைத் தோளில் சாத்திக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதை வைத்து இறுக்கும்போது நானும் இருந்தேன். ‘டிக்’ என்றது. நிறுத்துவார் என்று பார்த்தால், கால்களை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு இழுத்தார். “சத்தம் வந்ததுக்குப் பெறகுதான் ஆத்தா நம்ம வேலையே ஆரம்பிக்குது” என்றார்.

அதற்குள் அக்கா கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சாவியைக் கேட்டாள். அவர் ஆள் சேரும் நாளாகப் பார்த்துத்தான் பதில் சொன்னார். வீரபாண்டித் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவருடைய அம்மா, சித்தப்பா வீட்டார், நான், எல்லோரும் வாசலில் இருந்தோம்.

“நடுரோட்டுல டயரு பஞ்சராச்சுன்னா என்ன செய்வ? போறவன் வர்றவனக் கையக் காட்டிக் கூப்பிடுவியோ?”

“கழட்டி மாட்டத் தெரியும். டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாக” என்றாள் அக்கா.

“அப்ப கழட்டிக் காட்டு. ஒரே ஒரு நட்டு. கழட்டிட்டா இந்தா சாவி. முடியலன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு. என் சம்பளத்துல சோறு திங்க முடியாமயா கெடக்கோம்?”

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியோடு வந்த ஸ்பேனரை நட்டில் மாட்டி இழுத்தாள். அசையவில்லை. எழுந்து அதன் மேல் ஒரு காலை வைத்து மிதித்தாள். பிறகு இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள். அப்போதும் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி, அவள் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்தது. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஆத்தா இந்த வேல?” என்றாள் மாமியார்க்காரி. அவர் வந்து, ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகி, கழுத்து நரம்பு புடைக்க நெம்பிக் கழற்றிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று பேச்சாயிற்று. அக்கா பஸ்ஸில் போனாள். கால் மணி, அரை மணி தாமதமாகப் போய்த் தலைமையாசிரியர் முன்னால் நின்றாள்.

எனக்குச் சந்தேகம் எப்படி வந்தது என்றால், அவருடைய ஸ்கூட்டர் ஒருநாள் எங்கள் கடை வாசலில் பஞ்சராகி நின்றது. அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது நானே ஸ்டெப்னியை மாற்றினேன். சக்கர நட்டுகள் சாதாரணமாக, என் கைக்கே வந்தன. இறுக்கினால்தான் நிற்கும் என்கிற மனுஷன் தன் உயிரைச் சுமக்கிற வண்டியை அளவாகத்தான் இறுக்கியிருக்கிறார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கடையில் காசில்லாமல் ஆயில் மாற்றித் தருவதாக அவரிடம் ஆசை காட்டிக் காரை எங்கள் கடைப் பையனை விட்டு எடுத்துவரச் செய்து, பெரியகுளம் ரோட்டில் உள்ள பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அண்ணன் ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இத யாரு அக்கா இறுக்குனது? வீட்ல யானை வச்சிருக்கீகளா?”

பதினாறு நட்டையும் பைப் போட்டுக் கழற்றிக் கொடுத்தார். நான் கடையிலிருந்து நடுப் பெட்டி ரெஞ்சை எடுத்து வந்திருந்தேன். தொண்ணூறில் வைத்து, ஒவ்வொன்றாக, டிக் என்றதும் நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு அக்கா, “இன்னொரு தடவ பாக்கலாமா?” என்று கேட்டாள். மாமியார்க்காரியும் வாசலுக்கு வந்து நின்றாள். அக்கா ஸ்பேனரை மாட்டி ஒரு மிதி மிதித்தாள். நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. அவர் முகம் கறுத்துப்போயிற்று. சொன்ன சொல்லைத் தன் அம்மா முன்னால் மாற்ற முடியாமல் சாவியைக் கொடுத்தார்.

கொடுத்தது சாவியை மட்டும்தான். ஞாயிறு சாயங்காலம் ஆனால், “பொம்பள ஓட்டுற வண்டி, பத்திரமா இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே அந்த லாரித் தடியோடு வாசலுக்கு வந்துவிடுவார். பதினாறையும் இறுக்குவார். திங்கள் காலையில் அக்கா அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, பஞ்சர் கடையில் அவ்வளவையும் தளர்த்தி, நான் வாங்கிக் கொடுத்த நடுப் பெட்டி ரெஞ்சை வைத்துத் தொண்ணூறுக்கு இறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ரெஞ்சை ஸ்டெப்னி டயருக்கு அடியில் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை இதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே தட்டத்தில் மாவு வைத்து இடியாப்பம் பிழிவார்கள், ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள். ஞாயிறு அவர் இறுக்குவார், திங்கள் அவள் தளர்த்துவாள். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படிக் குடும்பம் நடந்தது.

“அந்தாளுகிட்ட நேரா கேட்டுரு அக்கா” என்பேன் நான்.

“கேட்டா சாவி போயிரும்டி” என்பாள்.

ஆனால் இரும்புக்கும் ஒரு பொறுமை உண்டு. நட்டு ஏறும் திருகுக் கம்பியை ஸ்டட் என்பார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் அது உள்ளுக்குள் நீளும். வாராவாரம் நீண்டால் ஒருநாள் விட்டுவிடும். இதை அக்காவிடம் சொன்னேன். அவளும் பயந்தாள். காலாண்டு லீவில் ஸ்டட் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

அந்த லீவில், ஸ்டட்டை மாற்றுவதற்கு முன்பே, கம்பத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பள்ளிக்கூடம் இல்லாததால் அக்கா பஞ்சர் கடைக்குப் போகவில்லை. அவர் மட்டும் வழக்கம்போல் ஞாயிறு இறுக்கினார். கல்யாணத்தன்று காலையிலும், தூரப் பயணம் என்று சொல்லி, மறுபடி ஒரு சுற்று இறுக்கினார். அவர் ஓட்டினார். பக்கத்தில் அக்கா. பின்னால் நான். மகளை மாமியாரிடம் விட்டிருந்தோம், அது யார் செய்த புண்ணியமோ.

சின்னமனூர் தாண்டியதும் வண்டி முன்பக்கம் குலுங்கத் தொடங்கியது. “ரோடு சரியில்ல” என்றார். அக்கா, “கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்றாள். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். எங்கள் முன் சக்கரம் எங்களுக்கு முன்னால் ரோட்டில் உருண்டு போவதை நான் பார்த்தேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, தாரைச் சுரண்டிக்கொண்டே போய்த் திராட்சைத் தோட்டத்துப் பந்தல் கல்தூணில் மோதி நின்றது. எங்கள் இருவருக்கும் சிராய்ப்புதான். அவருக்குக் காறை எலும்பு உடைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, “லூசா இருந்துருக்கு, நட்டு லூசா இருந்துருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஆட்கள் அவரை வேனில் ஏற்றும்போது நான் ரோட்டில் குனிந்து தேடினேன். மூன்று நட்டு கிடைத்தது. நட்டு தளர்ந்து கழன்றிருந்தால் அது தனியாகக் கிடக்கும், ஸ்டட் முழுசாக வண்டியில் நிற்கும். இங்கே ஒவ்வொரு நட்டுக்குள்ளும் முறிந்த ஸ்டட்டின் துண்டு இருந்தது. முறிந்த இடம் பாதி துருவேறியும் பாதி பளபளவென்றும் இருந்தது. பாதி எப்போதோ விட்டுப்போய், மீதி அன்றைக்கு விட்டிருக்கிறது. மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டேன். இந்த ஆளை இதை வைத்தே நாற அடிக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

வண்டியை இழுத்து வந்தவர்கள் டிக்கியிலிருந்து சாமான்களை எடுத்துக் கொடுத்தார்கள். சேலையில் சுற்றிய ரெஞ்ச் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான். கட்டிலில் தோளில் கட்டோடு சாய்ந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டினார்.

“பாருங்க. எனக்குத் தெரியாம என் பொண்டாட்டி வச்சிருந்த ஆயுதம். நான் இறுக்கி வச்சத எல்லாம் இத வச்சு லூசாக்கியிருக்கா. மூணு உசுரு போயிருக்கும். இனி இவ கையில சாவியக் குடுக்கலாமா? வேலைக்கு அனுப்பலாமா? நீங்களே சொல்லுங்க.”

வீடு நிறைய ஆள். மாமியார்க்காரி சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பையைத் திறந்து கைக்குட்டை முடிச்சை வெளியே எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

“ஆமா. நாந்தான் லூசாக்குனேன்.”

அவரே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“வாராவாரம் லூசாக்குனேன். இனியும் லூசாக்குவேன்” என்றாள் அக்கா. குரல் கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. “வண்டி என் பேருல இருக்கு, கடன் என் சம்பளத்துல போகுது. அதனால நான் ஓட்டுவேன். நட்டுல இனிமே என் கை மட்டுந்தான் படும். உசுரு மேல ஆசை இருக்கவுக அதுல ஏற வேணாம். இல்ல, நான்தான் இறுக்குவேன்னு நீங்க தொட்டீகன்னா, அடுத்து சக்கரம் கழண்டா அது உங்க கை வேலன்னு ஊரே சொல்லும். எது வேணுமோ செஞ்சுக்கங்க.”

அவர் வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன், எப்போதும் வருகிற அந்தக் கடைசி வார்த்தை. வரவில்லை. இல்லை, நீ லூசாக்கவில்லை என்று சொன்னால் பிறகு யார் உடைத்தது என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் அக்காவைப் பேசாத பேச்சில்லை. புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்றே சின்னமனூர் வரைக்கும் பேர் போயிற்று.

அடுப்படியில் அவளைப் பிடித்து உலுக்கினேன். “பைத்தியமாக்கா ஒனக்கு? கையில சாட்சி இருக்குல்ல!”

“அதக் காட்டுனா என்ன ஆகும்? அவுக தப்புன்னு ஆகும். ரெண்டு நாளு தலையத் தொங்கப் போட்டுட்டு, மூணாம் நாளு சாவிய எடுத்துக்கிருவாக. திரும்ப ஞாயித்துக்கெழம வரும்” என்றாள். “பேரு கெட்டா கெடட்டும்டி. நான் பள்ளிக்கொடத்துக்குப் போகணும்.”

புது ஸ்டட் போட்டு வண்டி வந்தது. வாசலில், எல்லோரும் பார்க்க, நட்ட நடுப் பகலில் அக்கா உட்கார்ந்து பதினாறையும் தொண்ணூறுக்கு இறுக்கினாள். அவர் ஜன்னலோரம் நின்று பார்த்தார், வெளியே வரவில்லை. லாரித் தடியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

எலும்பு சேர்ந்த பிறகும் அவர் தோள் ஸ்கூட்டருக்கு ஒத்துழைக்கவில்லை. மில்லுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். மில் அக்கா போகிற வழியில்தான் இருந்தது. நானும் கடைக்கு அவளோடு காரில் போவேன். ஒருநாள் காலை, தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அக்கா வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“மழை வலுக்குது. ஏறுறீகளா? மில்லுல விட்டுட்டுப் போறேன்.”

அவர் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். ஒரு நட்டை நோக்கிக் கை கொஞ்சம் போனது. பிறகு ஏதோ சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

“பஸ்ஸு வந்துரும்” என்றார். முகம் வெளிறியிருந்தது.

வண்டி நகர்ந்ததும் நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

“சிரிக்காதடி” என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடி. “அவுக சொன்னத அவுகளே நம்பிட்டாக. நெசமாவே பயப்படுறாக.”

அதற்காகத்தான் நான் சிரித்தேன்.